போன வருடச் சட்டம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘திருத்தம்’. முகத்துக்கு நேரே திருத்தம் அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் திருத்தம். வரிச் சட்டத்தில் அரசாங்கம் ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும் முதலில் மோப்பம் பிடிப்பவள் அவள்தான். வருடா வருடம் புதுச் சட்டம் வந்ததும் உட்கார்ந்து படித்துச் சாறு பிழிந்து, எது மாறியிருக்கிறது, யார் தலையில் இடி, யாருக்கு யோகம் என்று இரண்டே பக்கத்தில் எழுதி எல்லோர் மேசையிலும் வைத்துவிடுவாள். அலுவலகத்தின் சொந்தக்காரரான ஆடிட்டரைப் பெரியவர் என்பார்கள். அவரே அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளர்களிடம் வாயைத் திறப்பார்.

அப்பேர்ப்பட்டவள் ஆடிட்டர் தேர்வில் எல்லாத் தாளையும் முடித்துவிட்டு, உயர்நிலை வரித் தாளில் மட்டும் நான்கு முறை கோட்டை விட்டிருந்தாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவளுக்கு இல்லை.

காரணம் ரொம்பச் சின்னது. தேர்வு வாரியம் வினாத்தாளை வெகு முன்னாலேயே தயாரித்துவிடும். அதனால் தேர்வில் கேட்பது போன வருடச் சட்டம். அதற்குப் பிறகு வந்த திருத்தம் எதுவும் செல்லாது. கல்லூரியிலிருந்து நேராக வந்து எழுதுகிற பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கலும் கிடையாது, அவர்களுக்குத் தெரிந்த சட்டமே அது ஒன்றுதான். இவளோ பகல் முழுக்க நடப்புச் சட்டத்தில் குடித்தனம் நடத்துகிறவள். கேள்வியைப் பார்த்ததும் கை தானாகப் புதிய விகிதத்தைப் போட்டுவிடும். நான்காம் முறை மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. பணம் கட்டி விடைத்தாளை வரவழைத்துப் பார்த்தாள். மூன்று இடத்தில் சிவப்பு மையில் ஒரே வாசகம்: ‘இந்தத் தேர்வுக்குப் பொருந்தாத சட்டம்.’ திருத்தியவரை அவள் அன்றைக்குத் திட்டிய திட்டு இங்கே எழுதத்தக்கதல்ல.

ஐந்தாவது முறைதான் கடைசி. அதிலும் தவறினால் இதுவரை தேறிய தாள்கள் எல்லாம் காலாவதி. அகரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. திருமணத்துக்கு முன் தொடங்கிய படிப்பு. ஆடிட்டர் என்று சொந்தப் பெயரில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத் தவிர அவள் தனக்காக வேறெதையும் கேட்டதில்லை.

அதனால் இந்த முறை விநோதமாக ஒரு முடிவெடுத்தாள். படிப்பது ஒருபுறம் இருக்கட்டும், முதலில் மறக்க வேண்டும்.

பெரியவரிடம் போய் நின்றாள். “சார், ரெண்டு மாசத்துக்கு எனக்கு எந்தக் கணக்கும் தர வேண்டாம். புதுச் சட்டம் என் கண்ணுலயே படக் கூடாது.”

“அப்ப இங்க வந்து என்னம்மா பண்ணப் போறீங்க?”

“ஃபோன் எடுக்கிறேன். ரசீதெல்லாம் அடுக்குறேன். சம்பளத்தைக் குறைச்சுக்குங்க.”

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்பளத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அவள் இருக்கையை வாசல் பக்கம், தொலைபேசிக்கு அருகில் போட்டுவிட்டார். அந்த வருடத்துக்கான இரண்டு பக்கத்தை அவள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். தன் பிரதியை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

வீட்டில் கெடுபிடி இதைவிடக் கடுமை. நாத்தனாரும் அதே தாளை எழுதினாள். அவளுக்கு இது இரண்டாம் முறை. கணவனின் தங்கை, இன்னும் கல்யாணமாகவில்லை, வேறொரு ஆடிட்டரிடம் வேலை. விடிந்ததும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். நாத்தனார் கேள்வி கேட்பாள், அண்ணி வாய் தவறிப் புதுச் சட்டத்தைச் சொன்னால் கரண்டியால் மேசையில் ஓங்கி ஒரு தட்டு. முதல் வாரம் அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டார் என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

“கட்டிடத்தை வித்த லாபத்துக்கு எப்ப வரி கிடையாது?”

“அந்தப் பணத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள வேற கட்டிடம் வாங்கினா...”

டொக்!

“மூணு வருஷம் அண்ணி! மூணு! ரெண்டுங்கறது இந்த வருஷம் வந்தது.”

“சனியன், நாக்குல ஒட்டிக்கிட்டு இருக்கு.”

கணவன் லிஃப்ட் மெக்கானிக். தேநீரை உறிஞ்சியபடி, “ஒரே லிஃப்ட் ரெண்டு மாடியிலயும் நிக்காதும்மா. எந்த மாடின்னு நீதான் முடிவு பண்ணணும்” என்றான். சமையலையும் துணி துவைப்பதையும் அவன் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் வைத்த சோறு சில நாள் குழைந்தது, சில நாள் விதையாக நின்றது. இரண்டு பெண்களும் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார்கள்.

ஒரு மாதம் போனதும் கரண்டிச் சத்தம் குறைந்தது. ஆறாவது வாரத்தில் நின்றே போனது. இரண்டு வருடம் என்ற எண்ணமே அவளுக்கு வருவதில்லை. எத்தனை பேர் கேட்டாலும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் மூன்று, மூன்று, மூன்று.

தேர்வுக்கு முந்தைய வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. தொலைபேசி மணி அடித்தது. அச்சக முதலாளி. பத்து வருட வாடிக்கையாளர், ஒவ்வொரு காசையும் கசக்கிப் பார்த்துச் செலவழிக்கிறவர், அதைவிட ஒருபடி மேலாக ஆட்களைக் கசக்கிப் பார்த்து நம்புகிறவர். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தத்தில் கத்திப் பேசினார்.

“திருத்தமா? நல்லதாப் போச்சு. பழைய கட்டிடத்தை வித்தேனே, அந்தப் பணத்துல புதுசு வாங்குறதுக்கு எவ்வளவு நாள் டைம்? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரிஜிஸ்டர் பண்ண நேரம் வாங்கிட்டேன். விக்கிறவர் விலையில கறாரா நிக்கிறார். டைம் இருக்குன்னா கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம்னு பாக்குறேன்.”

“மூணு வருஷம் சார். நீங்க வித்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. இன்னும் ஒரு முழு வருஷம் இருக்கு, அவசரப்படாதீங்க.”

“நிச்சயமா?”

“நிச்சயமா சார்.”

ரிசீவரை வைத்ததும் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. மூன்று என்பது எப்படித் தடங்கலில்லாமல் வந்து விழுந்தது! இனி யார் எழுப்பிக் கேட்டாலும் பயமில்லை. அச்சக முதலாளி கட்டிடம் வாங்குவது இந்தப் பூமியில், இந்த வருடத்தில், புதுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. எப்போது விற்றிருந்தாலும் சரி, இந்த வருடம் முதல் எல்லோருக்கும் இரண்டே வருடம். அவருடைய இரண்டு வருடம் முடிவது வெள்ளிக்கிழமை, மாதத்தின் கடைசி நாள். அவளுக்குத் தேர்வும் அன்றைக்குத்தான், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பைகளையும் கைப்பேசிகளையும் வாசல் அறையில் வாங்கி டோக்கன் கொடுத்துவிட்டார்கள். நாத்தனார் இரண்டு வரிசை முன்னால். திரும்பிப் பார்த்து, இல்லாத கரண்டியால் மேசையைத் தட்டிக் காட்டினாள். இவள் சிரித்தாள்.

ஐந்து கேள்வி, ஒவ்வொன்றும் இருபது. ஐம்பது வந்தால் தேர்ச்சி. முதல் கேள்வி கூட்டு நிறுவனங்களைப் பற்றியது, கொஞ்சம் இழுத்தது, முடித்தாள். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைப் படித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, ஆனந்தத்தில். ஒரு பேக்கரிக்காரர் கடைக் கட்டிடத்தை விற்று, இரண்டரை வருடம் கழித்து வேறொன்று வாங்குகிறார். வரி உண்டா? அவளுக்கென்றே வைத்ததுபோல ஒரு பொறி. போன முறைகளில் அவள் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருப்பாள். இப்போது மளமளவென்று எழுதினாள்: மூன்று ஆண்டுக்குள் வாங்கியதால் வரி இல்லை. கணக்கைப் போட்டு, அடியில் கோடிழுத்தாள்.

கோடு பாதியில் நின்றது.

மூணு வருஷம் சார். அவசரப்படாதீங்க.

சுவரில் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. நாலு மணிக்கு அவருக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம். ஐந்துக்கு அதை மூடிவிடுவார்கள். இவள் இங்கிருந்து வெளியே வருவதும் ஐந்துக்கு.

கையை உயர்த்தினாள். கண்காணிப்பாளர் வந்தார், யாருக்கும் கெடுதல் நினைக்காத, யாருக்காகவும் விதியை வளைக்காத ஒரு மனிதர்.

“சார், ஒரே ஒரு ஃபோன் பண்ணணும். ரெண்டு நிமிஷம்.”

“பரீட்சை முடிஞ்சதும் பண்ணுங்க.”

“அதுக்குள்ள ஒருத்தருக்குப் பெரிய நஷ்டம் வந்துடும் சார். என்னாலதான்.”

“வெளிய போறதுன்னா பேப்பரைக் குடுத்துட்டுத்தான் போகணும். மறுபடி உள்ள விட மாட்டோம்.”

“நீங்களாவது கூப்பிட்டுச் சொல்லுங்களேன். நம்பர் எழுதித் தரேன்.”

“இங்கேருந்து நான் ஒரு சீட்டை வெளிய எடுத்துட்டுப் போனா என் வேலை போயிடும்மா. உக்காந்து எழுதுங்க.”

உட்கார்ந்தாள். நான்காவது கேள்வியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். எழுத்துகள் தெரிந்தன, ஒன்றும் உள்ளே போகவில்லை.

மனசு வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடியது. அவர் காசைக் கசக்கிப் பார்க்கிற ஆள், வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரா? வரி கட்டினால் செத்தா போய்விடுவார்? இவளுக்கு இது போனால் இன்னொன்று உண்டா? கரண்டிச் சத்தம், குழைந்த சோறு, பதினாறு வருடம், எல்லாம் இந்த இரண்டு கேள்விக்காகத்தானே? இரண்டு வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எதிர்க்கட்சி ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது. நிச்சயமா என்று கேட்டார். நிச்சயமா சார் என்றாய். விற்ற பணத்தில் ஒரு பெரிய பங்கை வரிக்குக் கட்டிவிட்டால் அவர் புதுக் கட்டிடத்தைக் கனவில்தான் வாங்க வேண்டும். வாடகை இடத்திலிருந்து அவரைக் காலி செய்யச் சொல்லி ஆறு மாதமாகிறது. இயந்திரங்களைத் தெருவிலா ஓட்டுவார்?

எழுதியது அறுபது மதிப்பெண்ணுக்கு. அறுபதில் ஐம்பது வாங்க அவள் பிரகஸ்பதி இல்லை என்று அவளுக்குத் தெரியும். வரித் தாளில் யாரும் அப்படி வாங்கியதாகக் கேள்விப்பட்டதும் இல்லை. எழுந்தாள். பெஞ்சு கிறீச்சிட்டது. நாத்தனார் திரும்பிப் பார்த்தாள், கண்ணாலேயே என்ன என்று கேட்டாள், பிறகு அண்ணி விடைத்தாளைக் கொண்டுபோய் மேசையில் வைப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசல் அறையில் டோக்கன் வாங்குகிறவரைக் காணோம். தேநீர் குடிக்கப் போயிருந்தார். பைகள் கம்பிக் கதவுக்குப் பின்னால் குவிந்திருந்தன. அவளுடைய பச்சைப் பை கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டவில்லை. தெருவுக்கு ஓடி, தேநீர்க் கடையில் அந்த ஆளைத் தேடிப் பிடித்து, அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்து அழைத்து வந்தாள். இப்படியும் ஒரு பொம்பளையா என்று அவர் வழியெல்லாம் முனகினார்.

பையை வாங்கிக் கைப்பேசியை எடுத்து அடித்தாள். அச்சக முதலாளி எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அச்சகத்துக்குப் போட்டாள்.

“முதலாளி இல்லீங்க. பேப்பர் கிடங்குக்குப் போயிருக்கார்.”

“ரிஜிஸ்டர் ஆபீஸ் போகலையா?”

“அதான் தள்ளிப் போட்டுட்டாரே! இன்னும் ஒரு வருஷம் இருக்காம்.”

வாடகைக் கார் ஒன்றை மறித்து ஏறி, பதிவு அலுவலகத்தைச் சொன்னாள். காரில் அச்சக முதலாளியின் எண்ணுக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, வீட்டில் ஏதோ சாவு போல என்று நினைத்து வேகமாகப் போனார். சிக்னலில் நிற்கும்போது அச்சக முதலாளி ஃபோனை எடுத்தார்.

“என்ன திருத்தம், இத்தனை தடவை...”

“சார், நான் சொன்னது தப்பு. மூணு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம். உங்களுக்கு இன்னைக்குத்தான் கடைசி.”

லாரியிலிருந்து காகிதக் கட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

“நீங்கதானே நிச்சயம்னு சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். அது போன வருஷச் சட்டம் சார். திட்டுறதை அப்புறம் திட்டுங்க. விக்கிறவரைக் கூப்பிடுங்க, அவர் கேட்ட விலைக்கே ஒத்துக்குங்க, பத்திரத்தை எடுத்துட்டுக் கிளம்புங்க. நான் அங்க போய் மூடாமப் பாத்துக்கிறேன்.”

பதிவு அலுவலகத்தில் அவள் பட்ட பாடு தனி. நாலு மணிக்கு வராதவர்களின் பெயரை அடித்துவிட்டார்கள். எழுத்தரிடம் கெஞ்சினாள். அடித்ததை மறுபடி எழுத விதியில் இடமில்லை என்றார். விதி எண்ணைக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அதே நாளில் மீண்டும் சேர்க்க இடமுண்டு என்று சட்டத்தைப் பிரிவோடு சொன்னாள். சொல்லும்போதே, இது இந்த வருடச் சட்டமா, போன வருடமா என்று அவளுக்கே உதறல். நல்லவேளை, அந்தப் பிரிவு மாறவில்லை. எழுத்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பெயரைத் திரும்ப எழுதினார்.

நாலே முக்காலுக்குப் பக்கத்து ஜன்னல்களை மூட ஆரம்பித்தார்கள். அவள் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தாள். அச்சக முதலாளி சட்டையெல்லாம் வியர்வையாக ஓடி வந்தார். விற்கிறவர் அவருக்குப் பின்னால் அலட்டிக்கொள்ளாமல் நடந்து வந்தார், கேட்ட விலை கிடைத்த மனிதர் அப்படித்தான் நடப்பார். கையெழுத்து, கைரேகை, முத்திரை. பதிவாகிவிட்டது. எழுத்தர் தேதி முத்திரையைக் குத்திய சத்தத்தில் அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அச்சக முதலாளி அருகில் வந்து நின்றார். கோபம் இறங்கியிருந்தது, பயம் இறங்கவில்லை.

“தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேண்டாம் சார்.”

“கடைசி நேரத்துல வந்து காப்பாத்தினீங்க, இல்லேங்கல. ஆனா இதுல மாட்டிவிட்டதும் நீங்கதான். பேரம் பேசறதுக்கும் வழியில்லாமப் போச்சு.” கொஞ்சம் தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே என் ஃபைலை உங்க ஆபீஸ்ல வேற யாராவது பாக்கட்டும். பெரியவர்கிட்ட நானே சொல்லிடுறேன்.”

எங்கிருந்து எழுந்து வந்தேன் தெரியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அதிகமாக வலித்தது.

“சரி சார்” என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணி, உங்களுக்குப் பைத்தியமா? உடம்புக்கு என்னமோ ஏதோன்னு பதறிப் போயிட்டேன். எழுதவும் முடியல, எழுந்து வரவும் முடியல.”

இவள் நடந்ததைச் சொன்னாள். கணவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டான். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“கரண்டியால தட்டித் தட்டி நான்தான் அதை உங்க தலையில ஏத்தினேன்.”

“நான் தட்டச் சொன்னேன், நீ தட்டினே. போய் முகம் கழுவு.” பிறகு, “வினாத்தாள் வெச்சிருக்கியா?” என்றாள்.

“அது எதுக்கு இப்ப?”

“குடு.”

நான்காவதையும் ஐந்தாவதையும் படித்தாள். சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, எதிரே யாரும் இல்லாததுபோல, இரண்டுக்கும் வாய்விட்டு விடை சொன்னாள். பிரிவு, விலக்கு, விகிதம், எல்லாம் போன வருடத்தது, ஒன்றுகூடப் பிசகவில்லை. நாத்தனார் தான் எழுதியதை நினைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் தான்தான் தவறு என்று தெரிந்து உதட்டைக் கடித்தாள். அதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பெரியவர் அவளையும் வாசல் பக்கத்துத் தொலைபேசியையும் சேர்த்துத் திட்டினார். அச்சகத்தின் கோப்பு வேறு மேசைக்குப் போனது. அவள் தன் பழைய இருக்கைக்குத் திரும்பினாள், தான் கிழித்துப் போட்ட இரண்டு பக்கத்தின் பிரதியை வேறொருவரிடம் கேட்டு வாங்கிப் படித்தாள்.

முடிவு வந்த அன்று நாத்தனார் முதலில் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு. தேறிவிட்டாள். அதை எப்படி வந்து சொல்வதென்று தெரியாமல் உள்ளேயே கிடந்தாள். இவள் போய்க் கதவைத் தட்டி, “ஆடிட்டர் அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க” என்று கூப்பிட்டு, கட்டிப் பிடித்து, கணவனைக் கேக் வாங்கி வரச் சொல்லி, எல்லாம் செய்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கணவன் மட்டும் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தன்னுடையதை அவள் சாயங்காலம்தான் திறந்தாள். மொத்தம் நாற்பத்தேழு. அது எதிர்பார்த்ததுதான், காலாவதியும் எதிர்பார்த்ததுதான். கீழே கேள்வி வாரியாகப் போட்டிருந்தார்கள். முதலாவதுக்குப் பன்னிரண்டு. இரண்டாவதுக்குப் பதினைந்து. மூன்றாவதுக்கு இருபதுக்கு இருபது.

அவள் அழுது கணவன் அதுவரை பார்த்ததில்லை. நான்கு முறை தவறியபோதும் திட்டித்தான் தீர்த்தாளே தவிர அழவில்லை. இப்போது மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தெரிந்ததுதானேம்மா, எழுதாமல் வந்தால் எப்படி வரும் என்று ஏதேதோ சொன்னான்.

“அதுக்கில்லீங்க” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இத்தனை வருஷத்துல இப்பத்தாங்க எனக்குப் பாஸ் பண்ணத் தெரிஞ்சிருக்கு.”